மாசி வீதியில் சித்திரைத் தேர்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் மதுரை வீதிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஊரின் பழைமையைக் கோபுரத்தில் மட்டும் தேடாதீர்கள், விடிகாலை ஐந்து மணிக்கு வீதியில் இறங்கிப் பாருங்கள், அங்கே நடக்கும் பிழைப்புதான் இந்த ஊருக்கு உருவம் கொடுத்தது என்பது அதன் சாரம். காய்கறிக் கூடையும் திண்ணையும்கூடப் பாரம்பரியம்தான் என்றும், வண்டிகளைத் தடுத்த சித்திரை வீதியில் குடியிருப்பவர்களை மறந்துவிட்டார்கள் என்றும் சொல்லியிருந்தேன். ஒத்துக்கொண்டும் கோபித்துக்கொண்டும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பிறந்தது தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நகரத் திட்ட வரைபடங்கள் போட்டு ஓய்வு பெற்றவள். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அம்மா, நான் கட்டடக்கலை படிக்கிறேன். பாரம்பரியம் என்றால் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். நீங்களோ காய்கறிக் கூடையையும் திண்ணையையும் அதோடு சேர்க்கிறீர்கள். சாதாரண ஜனங்களின் அன்றாடம் ஓர் ஊரின் அமைப்பை எப்படித் தீர்மானிக்கும்?
(கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

தம்பி, ஒரு வெள்ளைத்தாளில் கோயிலைச் சதுரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். மதிலுக்குள்ளேயே இருப்பது ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. தாமரை இதழ் மாதிரி ஒன்றைச் சுற்றி ஒன்று என்று உங்கள் பாடத்தில் இருக்கும். அது இருக்கட்டும், பெயர்களைப் பாருங்கள். வெளி வீதியைத் தவிர மற்ற எல்லாம் மாதப் பெயர்கள். எந்த மாதத் திருவிழாவில் சாமி எந்த வீதியில் வலம் வந்ததோ, அந்த மாதமே அந்த வீதிக்குப் பெயர்.

இப்போது ஒரு கேள்வி. பெரிய தேர் ஓடுவது சித்திரை மாதம். எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். ஏன் இந்தக் குழப்பம்? திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அவர் சித்திரைக்கு மாற்றினார். அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இதைச் சேர்ப்பது ஒரு காரணம். மாசியில் அறுவடை வேலை நெருக்கும், வடம் பிடிக்க ஆள் வராது, சித்திரையில் வயல் சும்மா கிடக்கும் என்பது எங்கள் அப்பத்தா சொல்லும் காரணம். எனக்கு இரண்டாவது காரணம்தான் மனசுக்கு நெருக்கம். சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வேலை நாளைப் பார்த்து ராஜா திருவிழாவை நகர்த்தினார். ஜனங்கள் வீதியின் பெயரை நகர்த்தவில்லை, அது மாசி வீதியாகவே நின்றுவிட்டது.

நான்கு மாசி வீதிகளும் ஏன் இத்தனை அகலம், ஏன் இத்தனை நேர் என்று யோசியுங்கள். நூற்றுக்கணக்கான பேர் வடத்தைப் பிடித்து நிற்க நீளம் வேண்டும். மூலையில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் தேரை மெல்லத் திருப்ப இடம் வேண்டும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தெற்குமாசி வீதியில் கடை வாசலை இரண்டடி நீட்டலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்டார். "இது தேர் போற தடம், கை வைக்கக் கூடாது" என்றார் அப்பா, அவ்வளவுதான். எந்த அதிகாரியும் நோட்டீஸ் ஒட்டவில்லை. வருடத்தில் ஒருநாள் வரும் தேர் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த வீதியைக் காவல் காத்தது.

வெளி வீதியின் கதை வேறு. விசுவநாத நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், ஊரைச் சுற்றி 72 கொத்தளங்களோடு கோட்டை எழுந்தது. 1837 வாக்கில், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, அந்தக் கோட்டையை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். இடித்த மண்ணும் கல்லும் வெளியே போகவில்லை. அதையே நிரவி வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உண்டாயின. பிளாக்பர்ன் நினைவாக நின்ற விளக்கு, 'விளக்குத்தூண்' என்று ஜவுளிக்கடைப் பக்கத்துக்கே பெயராகிவிட்டது. கலெக்டருக்கு ஒரு தூண் என்றால் மேஸ்திரிக்கு ஒரு முழு வீதி! வேலை வாங்கிய மேஸ்திரியின் பெயரை ஓர் ஊர் இருநூறு வருடத்துக்குப் பக்கமாகத் தினமும் உச்சரிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம் சின்னத் தெருக்கள். எழுத்தாணிக்காரத் தெரு, வெங்கலக்கடைத் தெரு, சித்திரக்காரத் தெரு, தென்னோலைக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை, தவிட்டுச்சந்தை. மாட்டுத்தாவணியில் இன்று பேருந்து ஏறுகிறோமே, அது மாட்டுச் சந்தை கூடிய இடம். ஒரு ராஜாவும் உட்கார்ந்து இந்தப் பெயர்களை வைக்கவில்லை. யார் எதை விற்றார்களோ, யார் எதைச் செய்தார்களோ, அதுவே பெயர். உங்கள் திட்டப்பணிக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் என்ன தொழில் நடந்தது, இன்று என்ன நடக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதம் ஆகும், ஆகட்டும்.

அக்கா, எங்கம்மா காலத்திலிருந்து அறுபது வருஷமா ஒரே தெருவில் கீரை விற்கிறோம். இருபது இருபத்தஞ்சு பேர் இருக்கோம். வண்டி நிறுத்த இடம் வேணும், காலி பண்ணுங்க, நீங்க ஆக்கிரமிப்பு என்கிறார்கள். நாங்க பேச ஏதாவது வழி இருக்கா?
(கீரை வியாபாரி, மதுரை)

இருக்கிறது தங்கச்சி, நிச்சயம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பிரித்தேன்.

தெருவோர வியாபாரிகளுக்காக 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பிழைப்பைப் பாதுகாக்கவும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவும் வந்த சட்டம் அது. வாங்குகிறவரும் விற்கிறவரும் காலங்காலமாகத் தாமாகவே கூடும் இடத்தை அது 'இயற்கையான சந்தை' என்று அழைக்கிறது. அப்படிப்பட்ட சந்தையில் ஐம்பது வருடத்துக்கு மேல் வியாபாரம் நடந்திருந்தால், அதைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றக் கூடாது என்று அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் சொல்லும் அதே 'பாரம்பரியம்' என்ற சொல்லை ஒரு கீரைக்கூடைக்கும் சேர்த்து நம் நாட்டின் சட்டமே சொல்லியிருக்கிறது. இதை இன்னும் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒருவராகப் போகாதீர்கள், இருபத்தைந்து பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். அம்மா காலத்துத் தரைவாடகை ரசீது, பழைய போட்டோ, கடன் சங்கத்து அட்டை, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் வயசானவர்களிடம் "இவங்க இத்தனை வருஷமா இங்க விக்கிறாங்க" என்று கையெழுத்து வாங்குங்கள். நகர விற்பனைக் குழு என்று ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் உங்களைப் போன்ற வியாபாரிகள், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது விதி. உங்கள் வட்டாரத்துக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, மனுவின் நகலை அவர்கள் கையிலும் கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சித்திரை வீதிகளில் கல் பதித்து, வண்டிகள் வராமல் தடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த என் பேரப்பிள்ளைகள் ஆசை தீர ஓடி விளையாடினார்கள். இதிலும் ஏன் குறை காண்கிறீர்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கே.கே. நகர்)

ஐயா, குழந்தைகள் பயமில்லாமல் ஓடும் வீதி வேண்டும் என்று ஆசைப்படுகிறவள்தான் நானும். புகை இல்லை, ஹாரன் இல்லை, தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். நல்ல காரியம்தான்.

எனக்கு உறுத்துவது எங்கள் சித்தி வீடு. வடக்குச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருந்தார். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸைத் தடுப்புக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். குணமாகி வந்த பிறகு சித்தி அங்கே ஆறு மாதம்தான் தாக்குப்பிடித்தார். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், கல்யாணத்துக்கு வரும் சீர்வரிசை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சண்டை. இன்று அந்த வீட்டில் கீழே பொம்மைக்கடை, மேலே கிட்டங்கி. யாத்திரிகரின் இரண்டு மணி நேரத்தை யோசித்துத் திட்டம் போட்டார்கள், குடியிருப்பவரின் இருபத்து நான்கு மணி நேரம் அதில் வரவில்லை. காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் சாமான் வண்டி வரலாம், நோயாளி என்றால் எந்நேரமும் தடுப்பு திறக்கும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் அந்த வீதியில் இன்னும் சில வாசல்களில் கோலம் இருந்திருக்கும்.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்ற விதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். கோபுரம் தெரியாத மதுரையில் வழி தெரியாது. எங்கள் வயதுக்காரர்கள் இன்றும் கோபுரத்தைப் பார்த்துத்தான் திசை சொல்வோம். ஆனால் மேலே எழும்ப முடியாத வீடு என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். முற்றத்தை மூடுகிறது, பின்கட்டை அடைக்கிறது, காற்று வந்த இடைவெளியை அறையாக்கிவிடுகிறது. விதிக்குக் கட்டுப்பட்டு முற்றத்தையும் காப்பாற்றும் குடும்பத்துக்குச் சொத்துவரியிலாவது ஒரு சலுகை கொடுங்கள் என்று நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.

புதுமண்டபத்திலிருந்து கடைகளை வெளியேற்றிய பிறகு தூண் சிற்பங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்போது சொல்லுங்கள், அன்றாட வியாபாரம் பாரம்பரியத்தைக் காத்ததா, கெடுத்ததா?
(வாசகி, திருமங்கலம்)

இரண்டையும் செய்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. வசந்த விழாவுக்காக எழுந்தது. பின்னாளில் தூண்களுக்கு நடுவே வளையல் கடை, பாத்திரக்கடை, பழைய புத்தகக்கடை, தையற்கடை என்று நிறைந்தது. தூணில் ஆணி அடித்தார்கள், சிற்பத்தின் கழுத்தில் கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டார்கள். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, கடைகளோடு கல்லும் வெந்து விழுந்ததே, அதற்குப் பிறகு மண்டபத்துக்குள் கடை வேண்டும் என்று வாதாட எனக்கு மனசு வரவில்லை. கல் ஒருமுறை வெடித்தால் வெடித்ததுதான். கடைகள் வெளியேறியது சரி.

ஆனாலும் அந்தத் தையற்காரர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அண்ணனுக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து பிழைத்தான். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். சித்திரைக்கு முன்னால் அவனைப் புதுமண்டபத்துக்கு அழைத்துப் போனோம். தையற்காரர் அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார், "கருப்பசாமி உடுப்பா, தண்ணி பீய்ச்சுற உடுப்பா?" என்று கேட்டார். எந்த வேண்டுதலுக்கு எந்த நிறம், எந்தக் கச்சை, எந்தச் சரிகை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு கல்வெட்டில் இல்லை, அந்தக் கையில் இருந்தது. அதுவும் பாரம்பரியம்தானே?

கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே இடம் கொடுத்தது நல்லது. ஆனால் வியாபாரம் என்பது நான்கு சுவர் அல்ல. கோயிலுக்குப் போகிறவர் கால் போகிற பாதையில் இருந்த கடை வேறு, தேடிப் படியேறிப் போக வேண்டிய கடை வேறு. மண்டபத்துக்குக் கொடுத்த கவனிப்பில் பாதியை அந்தக் கால்தடத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் என் பேச்சு. திருவிழா மாதத்தில் மட்டுமாவது அந்தத் தையற்காரர்களுக்குக் கோயில் வாசல் பக்கம் பந்தல் போட்டு இடம் கொடுக்கலாம். பண்ணினால் பண்ணலாம், பெரிய செலவில்லை.

புறநகர் லேஅவுட்டில் ஆசையாக வீடு கட்டினோம். முப்பதடி ரோடு, பூங்கா, எல்லாம் உண்டு. ஆனால் தெருவில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஏன் இப்படி?
(இல்லத்தரசி, ஊமச்சிகுளம் அருகே)

உங்கள் தெருவில் உட்கார ஓர் இடம் இருக்கிறதா? இருக்காது. ஐந்தடி காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், உள்ளே கார், அதற்கும் உள்ளே வீடு.

பழைய தெருவில் திண்ணை என்பது வீட்டுக்காரருடையது, ஆனால் வழிப்போக்கருக்கும் உரியது. எங்கள் சந்தில் பகலில் பூக்காரம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் மல்லிகை கட்டுவார். சாயங்காலம் பிள்ளைகள் பாடம் படிப்போம். இரவில் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவார்கள். ஒரே மூன்றடிக் கல் பலகை, நாளைக்கு மூன்று வேலை.

இதை வரைபடத்தில் காட்டுவது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்திருக்கிறது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. மாடியில் குடும்பம், கீழே எவர்சில்வர் கடை, பின்கட்டில் இரண்டு பேர் அப்பளம் போடுகிறார்கள், திண்ணையில் பூக்கட்டு. எந்த நிறம் அடிப்பேன்? ஏதோ ஒன்றை அடித்துத்தான் ஆக வேண்டும். அடித்த மறுநிமிடமே மற்ற மூன்று பிழைப்பும் சட்டப்படி இல்லாததாகிவிடும். புது லேஅவுட் இந்த நிறப் பிரிவிலேயே பிறந்தது. அதனால் அங்கே வீடு மட்டும் இருக்கிறது, தெரு இல்லை. உங்கள் தெருவில் நான்கு பேர் பேசி, காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் திண்டாவது உங்கள் இடத்துக்குள்ளேயே கட்டிப் பாருங்கள். மேலே ஒரு புங்க மரம் நட்டால் போதும்.

இரவுக் கடைகளால் ஊர் கெடுகிறது, பத்து மணிக்கு எல்லாவற்றையும் மூட வேண்டும் என்கிறேன் நான். உங்கள் கருத்து?
(வாசகர், அண்ணா நகர்)

ஒத்துக்கொள்ள மாட்டேன். பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி சொல்கிறது. சங்க காலத்திலிருந்தே இந்த ஊர் இரண்டு ஷிப்டு ஊர். லாரியில் காய் வந்து இறங்குவது நடுராத்திரி. மூட்டை தூக்குகிறவருக்கு இரண்டு மணிக்குப் பசிக்கும், அப்போது அவருக்கு இட்லி வேண்டும். மூடுவதைப் பேசாமல், அந்த நேரத்தில் திறந்திருக்கும் கழிப்பறை எத்தனை, எரியும் தெருவிளக்கு எத்தனை என்று பேசலாம். இரவு வேலைக்கு வரும் பெண்கள் எங்கே போவார்கள் என்று எந்தத் திட்டத்திலாவது ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? நான் போட்ட வரைபடங்களில் பார்த்ததில்லை.

நீங்கள் சொல்வதுபோல ஜனங்களின் நடமாட்டத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர் யாராவது உண்டா? இல்லை, இது பேச்சுக்கு மட்டும்தானா?
(பொறியாளர், தஞ்சாவூர்)

உண்டு. உங்கள் தஞ்சாவூருக்கே வந்திருக்கிறார்.

பேட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், ஈடுபட்டது நகரங்களில். 1914இல் தன் நகரக் கண்காட்சிப் படங்களைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். அந்தக் கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. ஆமாம், அதே வருடம் செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன்தான். வருடக்கணக்காகச் சேர்த்தது கடலுக்குள் போயிற்று. மனிதர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுதினார். அதில் மதுரையும் உண்டு, தஞ்சாவூரும் உண்டு.

அவருடைய முறை இதுதான்: முதலில் நட. சந்து சந்தாக நட. கிணறு எங்கே, மரம் எங்கே, பெண்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார். பிறகுதான் பென்சிலை எடு. தஞ்சாவூரில் நெரிசலைக் குறைக்கப் பழைய வீடுகளை வெட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் சாலை போடும் திட்டம் ஒன்று இருந்தது. அவர் அதை மறுத்தார். விழுந்து கிடக்கும் வீட்டை மட்டும் எடுத்து, அந்த வெற்றிடத்தைச் சின்ன முற்றமாக்கி, மரம் நட்டு, இருக்கிற சந்துகளையே கொஞ்சம் விரித்துவிட்டால் போதும், செலவும் வெகுவாகக் குறையும் என்று காட்டினார். கொஞ்சமாகக் கத்தி வைத்து நிறையக் காப்பாற்றும் வைத்தியம் மாதிரி. கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளை அவர் மனதாரப் பாராட்டியவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் இந்தூரில் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஊரில் பிளேக் பயம். அழுக்கைக் கூட்டுங்கள் என்று தண்டோரா போட்டால் யார் கேட்பார்கள்? கெடிஸ் தீபாவளி ஊர்வலத்தைக் கையில் எடுத்தார். எந்தத் தெருவில் அதிக வீடுகள் சுத்தமாகிப் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறதோ, அந்தத் தெரு வழியாக ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வண்டி வண்டியாகக் குப்பையை அள்ளினார்கள். ஊர்வலத்தில் பிளேக்கைக் காட்ட ஒரு பெரிய எலி பொம்மையும் வந்தது. நம் வாசலுக்குச் சாமி வருகிறது என்றால் வீதியைக் கழுவிக் கோலம் போடும் ஜனங்கள் நாம். அந்த மனசை அவர் புரிந்துகொண்டார். அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் தல்லாகுளம் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிறது என்கிறார்கள். சாதாரணமானவர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?
(சுயஉதவிக் குழுவினர், மேலூர் பக்கம்)

இதற்குப் பதில் சொல்லும் முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். ஒரு சின்ன ஊருக்குக் கள ஆய்வுக்குப் போனோம். திங்கள்கிழமை, காலை பதினொரு மணி. ஊர் நடுவே நல்ல அகலமான மண் திடல், இரண்டு வேப்ப மரம், ஓர் ஆள் இல்லை. புலப்படத்தைப் பார்த்துச் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு 'காலி இடம்' என்று எழுதினேன். அலுவலகம் திரும்பி டிரேசிங் பேப்பரில் என் கையாலேயே வெள்ளையாக விட்டேன். சில வருடம் கழித்து அந்த வெள்ளையைப் பார்த்த யாரோ அங்கே ஒரு கட்டடத்துக்குத் திட்டம் போட்டார்கள். அது வியாழக்கிழமைச் சந்தைத் திடல் என்று எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. சுற்றிலும் இருந்த கிராமங்களிலிருந்து கருவாடும் மிளகாயும் கோழியும் வந்து இறங்கும் இடம். கட்டடம் வந்தது, சந்தை சாலையோரத்துக்குத் தள்ளப்பட்டது, பிறகு சிதறிப் போனது. நான் வியாழக்கிழமை ஒருமுறை போயிருந்தால் போதும். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், வரைபடம் போடுகிறவர் எந்தக் கிழமை வருவார் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே ஒன்று போடுங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன்படி முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபமும் யோசனையும் கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். அதற்குள் உங்கள் கையில் ஒரு தாள் தயாராக இருக்கட்டும்.

உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்து மணி, பள்ளிவிடும் நேரம், சந்தை நாள், கொடை நாள், நிலா இரவு. அந்தந்த நேரத்தில் தெருவில் யார் எங்கே நிற்கிறார்கள், எதை விற்கிறார்கள், ஆடு எந்த வழியாகப் போகிறது, முளைப்பாரி எந்த வழியாகப் போகிறது, சவ ஊர்வலம் எந்த வழி, பிள்ளைகள் எந்த மரத்தடியில் விளையாடுகிறார்கள் என்று குறியுங்கள். கடைசியில் சேர்த்து ஒரே தாளாக்குங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று வேலை வந்தால் குழம்ப வேண்டாம், பக்கத்தில் நேரத்தை எழுதினால் போதும்.

அளவு பிசகினாலும் பரவாயில்லை, பென்சிலில் போடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி மட்டும் மறக்காதீர்கள். முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், டிரேசிங் பேப்பரில் சுத்தமாக நான் எடுத்துத் தருகிறேன்.